முதல் சொந்த வீடு: எங்களுக்குப் பிடிச்ச பாணி எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பொருநை:

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் செம்பாக்கத்துல ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கோம். எங்க ரெண்டு குடும்பத்துலயும் இதுவரைக்கும் யாரும் சென்னையில சொந்தமா வீடு வாங்கினதில்ல. மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம், 1,040 சதுர அடி. ஹாலும் பால்கனியும் மேற்கு பார்த்து இருக்கு. தரை முழுக்க பில்டர் போட்டுக் கொடுத்த தந்த நிற விட்ரிஃபைடு டைல்ஸ், பளபளன்னு. ஆவணியில பால் காய்ச்சணும்.

சாவி வாங்கின வாரமே ஒரு இன்டீரியர் கம்பெனியிலருந்து வந்து அளந்துட்டு, எட்டரை லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தாங்க. டேப்லெட்ல படம் படமா தள்ளிக் காட்டி, "மாடர்னா, கிளாசிக்கா, மினிமலா, எத்னிக்கா, உங்க ஸ்டைல் எது மேடம்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நாலுமே பார்க்க நல்லா இருக்கு. நாலுலயும் நாங்க உக்காந்து சாப்பிடுறதை நினைச்சுப் பார்க்க முடியல.

போன்ல நான் சேர்த்து வச்ச படங்களைப் பார்த்தா இன்னும் குழப்பமா இருக்கு. பாதி வெளிநாட்டு வீடுங்க. வெள்ளைச் சுவர், வெளிர் மரம், மூலையில ஒரே ஒரு செடி. மீதிப் பாதி செட்டிநாட்டுத் தூணும் ஆத்தங்குடித் தரையும் பித்தளை உருளியும். ரெண்டையும் சேர்த்தது ஒரே ஆள்தான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வீடுன்னா கல்லிடைக்குறிச்சியில எங்க ஆச்சி வீடுதான். தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு, அடுக்களைன்னு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நீளமா போகும். சித்திரை வெயில்லருந்து உள்ள நுழைஞ்சா கண்ணு இருட்டிக்கிட்டு வரும், அப்புறம் கால் ஜில்லுன்னு ஆகும். அங்க அலங்காரம்னு எதுவும் கிடையாது. சாமி படம், காலண்டர், கல்யாண போட்டோ, ஒரு பெஞ்சு. ஆனா அந்தப் பட்டாசல்ல மத்தியானம் படுத்தா வர்ற தூக்கம் வேற எங்கயும் எனக்கு வந்ததில்ல.

எங்க வீட்டுக்காரர் பெரம்பூர்ல வளர்ந்தவர். அவருக்கு எல்லாம் வெள்ளையா, வெளிச்சமா, ஒரு துடை துடைச்சா போற மாதிரி இருக்கணும். அத்தையும் எங்ககூடத்தான் இருப்பாங்க.

கையில இருக்கிற சாமான்: ஆச்சியோட தேக்கு அலமாரி, ஆறடி உயரம், கண்ணாடிக் கதவு போட்டது. கல்யாணத்துக்கு எங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு நெய்த பத்தமடைப் பாய். அத்தையோட தையல் மெஷின், மர மேஜையோட. ஒரு இரும்பு பீரோ. லோன் போக நாலு லட்சத்துக்கு மேல எங்களால முடியாது.

நமக்குப் பிடிச்ச பாணி இதுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னொண்ணு, குடி போறதுக்கு முன்னாடியே எல்லா வேலையையும் முடிச்சுடணுமா, இல்ல கொஞ்ச நாள் இருந்து பார்த்துட்டுச் செய்யலாமா?

தாம்பரத்தான்:

வாழ்த்துகள் சகோதரி. ரெண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால சொல்ல முடியும்.

கிச்சன் கப்போர்டு, பெட்ரூம் வார்ட்ரோப், கொசுவலை, இன்வெர்ட்டர் வயரிங், எலக்ட்ரிக் பாயின்ட் இதையெல்லாம் குடி போறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. ஆள் இருக்கிற வீட்டுல பிளைவுட் அறுத்தா அந்தத் தூசி சாம்பார்ப் பொடி டப்பா வரைக்கும் போகும். டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், சோபா, வால்பேப்பர் எதுக்கும் அவசரம் இல்ல. கொட்டேஷன்ல இதையெல்லாம் அடிச்சுட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்க, தொகை நல்லாவே இறங்கும்.

ஒண்ணுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. சிங்க்குக்குக் கீழ வர்ற பலகை. நம்ம பக்கம் போர் தண்ணி, உப்பு, கசிவு எல்லாம் உண்டு. அந்த இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை போடச் சொல்லுங்க. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டுச் சோதிக்கிற தரம் அது. முத்திரை பலகை மேலயே அச்சாகியிருக்கும். லேமினேட் ஒட்டுறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க, ஒட்டிட்டா தெரியாது.

அகல்:

பொருநை, உங்க கேள்விக்குள்ளேயே பாதிப் பதிலை எழுதிட்டீங்க.

நான் மதுரையிலும் காரைக்குடிப் பக்கமும் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்றவள். வர்றவங்க எல்லாரும் ஒரு பொருளைக் காட்டித்தான் ஆரம்பிப்பாங்க. இந்தத் தூண் வேணும், இந்தக் கதவு வேணும், இந்த டைல்ஸ் வேணும். எல்லாம் வாங்கி வச்ச பிறகு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த வீடு மாதிரி இல்லையே"ன்னு முகம் வாடும். அவங்க மனசுல பதிஞ்சது அந்த வீட்டோட வெளிச்சமும் உயரமும் காத்தும். அது எந்தக் கடையிலும் விலைக்கு வராது. வேற வழியில நம்ம வீட்டுக்குள்ள கொண்டு வரலாம்.

ஆச்சி வீட்டைப் பத்தி எழுதினப்போ தூணையோ பித்தளையையோ நீங்க சொல்லவே இல்ல. உள்ளே நுழைஞ்சதும் வர்ற இருட்டு, காலுக்குக் குளிர்ச்சி, குறைஞ்ச சாமான், தரையில படுக்கை, இவ்வளவுதான் சொன்னீங்க. இப்ப அந்த வெளிநாட்டுப் படங்களைத் திரும்ப எடுத்துப் பாருங்க. அதுலயும் சாமான் குறைவு, தாழ்வான இருக்கை, ஒரே பக்கத்திலருந்து வர்ற வெளிச்சம், மூலையில நிழல். நீங்க சேர்த்த ரெண்டு பாதியும் எனக்கு ஒரே வீடாத்தான் தெரியுது.

ஆனா அந்த வெள்ளையை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க. ஸ்வீடன், டென்மார்க்கில குளிர்காலத்துப் பகல் ரொம்பக் குட்டை. சூரியனும் தாழ்வாத்தான் வரும். வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாம பிடிச்சு அறை முழுக்கப் பரப்பத்தான் சுவருக்கு வெள்ளை அடிக்கிறாங்க. செம்பாக்கத்துல மேற்கு பார்த்த ஹால்ல, பளபளப்பான டைல்ஸ் மேல, சாயங்காலம் நாலு மணி வெயில் விழும்போது அதே வெள்ளை கண்ணைக் கூசும். அங்க வெளிச்சத்தைச் சேர்க்கிறாங்க, இங்க நாம நிழலைச் சேர்க்கணும்.

ஒரு வேலை செய்யுங்க. நீங்களும் வீட்டுக்காரரும் தனித்தனியா உக்காந்து, வாழ்க்கையில எங்கெல்லாம் எழுந்திருக்க மனசே இல்லாம இருந்தீங்களோ அந்த இடங்களை எழுதுங்க. வீடாத்தான் இருக்கணும்னு இல்ல. கோயில் பிராகாரம், நண்பர் வீட்டு மாடி, ரயில்ல ஜன்னல் சீட்டு, எதுவா இருந்தாலும் சரி. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எதுல உக்காந்திருந்தீங்க, காலுக்குக் கீழ என்ன இருந்ததுன்னு பக்கத்துல குறிச்சுக்குங்க. பொருள் பேர் எழுத வேண்டாம்.

அப்புறம் ஒரு நாள் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய்ட்டு வாங்க. தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டுற அருங்காட்சியகம், 1996-ல திறந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்க செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்து வீடுன்னு பக்கத்துல பக்கத்துல இருக்கு. பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டு வந்து மறுபடி கட்டினது நிறைய. போட்டோ எடுக்காம ஒவ்வொண்ணுலயும் கால் மணி நேரம் சும்மா உக்காருங்க. செட்டிநாட்டுத் தூண் வேணும்னு சொல்லிட்டு என்கூட வந்தவங்க, கடைசியில சின்ன வீட்டுத் திண்ணையில உக்காந்து எழுந்திருக்காம இருந்ததைப் பார்த்திருக்கேன்.

ஆத்தங்குடி டைல்ஸ் எனக்கு உயிர், அதனாலதான் சொல்றேன். கண்ணாடித் தகடு மேல கையால வண்ணத்தை ஊத்தி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணியில ஊற வச்சு எடுக்கிறது அது. சூளை கிடையாது. கண்ணாடியிலருந்துதான் அந்த வழவழப்பு. வருஷக்கணக்கா கால் பட்டுப் பட்டு மெருகு ஏறும். கனம் முக்கால் அங்குலம் வரும், அதுக்கு அடியில கலவை வேற. உங்க டைல்ஸ் மேலயே போட்டா கதவெல்லாம் அறுக்கணும். உடைச்சுட்டுப் போட்டா நாலு லட்சத்துல பெரும்பகுதி அதுலயே போயிடும். ஆசை இருந்தா பால்கனித் தரையில மட்டும் போடுங்க. அங்க வெறுங்காலோட உக்காரலாம், காப்பி குடிக்கலாம். பாத்ரூம் கழுவுற ஆசிட் மட்டும் அது மேல படவே கூடாது.

பெயின்ட்: தரை மாறப் போறதில்ல, அதனால அதுலருந்துதான் ஆரம்பிக்கணும். தந்த நிறத் தரைக்குப் பக்கத்துல நீலம் கலந்த வெள்ளை அடிச்சா தரை அழுக்கா மஞ்சள் பூத்தாப்ல தெரியும். சுண்ணாம்பு வெள்ளை, வெண்ணெய் நிறம், இல்ல இன்னும் கொஞ்சம் மண் கலந்தது எடுத்துக்குங்க. கடைக்காரர் அட்டையில பார்த்து முடிவு பண்ணாதீங்க. சின்ன டப்பா வாங்கி, பெரிய சார்ட் அட்டையில ரெண்டு கோட்டிங் அடிச்சு, மேற்கு வெயில் நேரா விழுற சுவர்ல ஒண்ணும் உள் சுவர்ல ஒண்ணுமா சாய்ச்சு வைங்க. காலையில, நாலு மணிக்கு, ராத்திரி விளக்குல பாருங்க. மூணு நேரத்துக்கும் மூணு நிறமாத் தெரியும்.

கடைசியா ஆச்சியோட அலமாரி. அந்த வீட்டுக்குள்ள அதுதான் பெரிய மனுஷி. பக்கத்துல தேக்கு மாதிரி அச்சடிச்ச லேமினேட் வச்சா ரெண்டுமே எடுபடாது. வார்ட்ரோப், கிச்சன் எல்லாத்துக்கும் மரக்கோடு இல்லாத, மினுக்கு இல்லாத ஒரே நிறம் போடுங்க. மரம்னா வீட்டுல அது மட்டும் தெரியட்டும்.

வடபழனிவாசி:

அகல் அக்கா சொல்றது அழகா இருக்கு. எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டுங்க.

எங்க அண்ணன் வீட்டுல பழமைன்னு ஆசைப்பட்டு உருளி, குத்துவிளக்கு, பித்தளைப் பானை எல்லாம் வாங்கி ஹாலை நிறைச்சார். சென்னைக் காத்துக்கு அதெல்லாம் சீக்கிரமே கறுக்குது. வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறது அண்ணிதான். வாங்கினவர் ஒரு நாள்கூடத் தேய்ச்சதில்ல. அதனால ஒவ்வொரு பொருளும் உள்ள வர்றதுக்கு முன்னாடி இதை யார் துடைக்கிறதுன்னு கேளுங்க. பேர் சொல்லிப் பதில் வரலைன்னா வாங்காதீங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்ற வெளிச்சமும் தேவைதான். நாளைக்குப் பிள்ளைங்க படிக்கணும், பெரியவங்களுக்குக் கண்ணு தெரியணும். நிழல், இருட்டுன்னு போய் ராத்திரி பாத்ரூம் போற அம்மா தடுக்கி விழுந்துடக் கூடாது.

பொருநை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அகல் அக்கா சொன்னபடி ரெண்டு பேரும் எழுதினோம். முட்டுக்காடும் போய்ட்டு வந்தோம்.

எனக்கு நெசவாளர் வீடு. உள்ளே உக்காந்ததும் முதுகைச் சுவர்ல சாய்ச்சுக் காலை நீட்டிட்டேன். யோசிச்சா வாடகை வீட்டுலயும் நாங்க அப்படித்தான் இருக்கோம். சோபா இருக்கும், ஆனா அதுல முதுகைச் சாய்ச்சுத் தரையிலதான் உக்காந்திருப்போம்.

அவர் எழுதினது என்னை ரொம்ப நேரம் பேச விடாம பண்ணிடுச்சு. முதல் இடம், எழும்பூர் கன்னிமாரா நூலகத்துல ஜன்னலோரத்து மேஜை. பரீட்சைக்குப் படிச்ச காலத்துல நாள் முழுக்க அங்கதானாம். ரெண்டாவது, பெரம்பூர் வீட்டு முன்னறை, ட்யூப்லைட் மாட்டின பிறகுன்னு எழுதியிருக்கார். அதுக்கு முன்னாடி அந்த அறையில ஒரு நாற்பது வாட் குண்டு பல்புதான். அத்தை அந்த மங்கல்லதான் ஜாக்கெட் தைப்பாங்க. ஊசியில நூல் கோக்க இவரைத்தான் கூப்பிடுவாங்க. மாமா முதல் போனஸ்ல ட்யூப்லைட் வாங்கி மெஷினுக்கு மேல மாட்டியிருக்கார். அன்னைக்கு அத்தை ராத்திரி வெகுநேரம் தைச்சாங்களாம், இவர் பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கார். வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு இத்தனை நாளா நான் சொல்லிக்கிட்டு இருந்த வார்த்தையை இனிமே சொல்ல மாட்டேன்.

அத்தைக்கு இப்ப முட்டி வலி, தரையில உக்கார முடியாது. மெஷினை மட்டும் விடுறதா இல்ல. ஒரு ஹாலுக்குள்ள எனக்கு நிழலும் தாழ்வும் வேணும், அவருக்கும் அத்தைக்கும் வெளிச்சமும் மேஜையும் வேணும். இது ரெண்டும் ஒத்துப் போகுமா அக்கா?

வடபழனி அண்ணா, பித்தளை லிஸ்ட்ல ஒரு குத்துவிளக்கு மட்டும் வச்சிருக்கேன். துடைக்கிறது நான்தான்.

அகல்:

நல்லா ஒத்துப் போகும்மா. ஒரே விளக்கால எல்லாருக்கும் வெளிச்சம் கொடுக்கணும்னு நினைச்சாதான் சண்டை வரும்.

ஹாலுக்கு ரெண்டு தனி லைன் இழுக்கச் சொல்லுங்க, தனித்தனி ஸ்விட்ச். இது சுவர் பூசி பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே நடக்கணும். மேல சீலிங்ல 4000 கெல்வின் எல்.இ.டி. கெல்வின்னா வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு. கடையில சும்மா வெள்ளைன்னு கேட்டா 6500 கெல்வின் எடுத்துக் கொடுப்பாங்க, அது நீலம் பாய்ஞ்ச வெள்ளை. 4000 தெளிவா இருக்கும், நீலம் அடிக்காது. ரெண்டாவது லைன் சுவர்ல, தரையிலருந்து அஞ்சடிக்குள்ள ரெண்டு இடத்துல, 2700 இல்ல 3000 கெல்வின், அது மஞ்சள் சாய்ஞ்ச வெளிச்சம். பல்பு டப்பாவிலேயே எண் போட்டிருக்கும். சாப்பிட்டு முடிச்சு ஒன்பது மணிக்கு சீலிங் விளக்கை மட்டும் அணைச்சுட்டா அது உங்க பட்டாசல்.

தையல் மெஷினும் வீட்டுக்காரர் மேஜையும் ஜன்னலோரத்துல பக்கத்துல பக்கத்துல வரட்டும். ஜன்னல் அத்தையோட இடது கைப் பக்கம் இருக்கிற மாதிரி போடுங்க. வலது கைக்காரங்களுக்குக் கை நிழல் துணி மேல விழாது. அங்க தனியா ஒரு மேஜை விளக்கு பாயின்ட். அந்த மெஷின் மேஜைக்குப் பாலிஷ் போடச் சொல்லி யாராவது வந்தா விடாதீங்க. அத்தை கை பட்டுத் தேய்ஞ்ச இடம் அப்படியே இருக்கணும்.

உக்கார: சோபா செட் வேண்டாம். தாழ்வா ஒரு திவான், இலவம்பஞ்சு மெத்தை போட்டு. அத்தைக்குக் கைப்பிடி வச்ச மர நாற்காலி, இருக்கை 18 அங்குல உயரம், கையை ஊணி எழுந்திருக்க. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில பழைய மர நாற்காலி கிடைக்கும். தலைகீழாக் கவுத்து, கால் நுனியிலும் மூட்டுலயும் பொடி உதிருதான்னு பாருங்க. பொடி இருந்தா உள்ள பூச்சி இருக்குன்னு அர்த்தம். விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேண்டாம், அலமாரிக்கும் பரவிடும்.

மேற்கு வெயிலை ஹாலுக்குள்ள கர்ட்டன் போட்டு மறைக்கிறதை விட, பால்கனி ஓரத்துல மூங்கில் தட்டி தொங்கவிட்டு வெளியிலயே நிறுத்துங்க. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துட்டா சூடும் உள்ளயே தங்கிடும். அசோசியேஷன்ல முதல்ல அனுமதி கேட்டுக்குங்க.

பத்தமடைப் பாயை மிதிக்கிற இடத்துல போடாதீங்க. ஈரம் ஏறாத உள் சுவர்ல, வெயில் படாம மாட்டுங்க. எடுத்து வைக்கணும்னா சுருட்டுங்க, மடிச்சா கோரை உடையும்.

ஊடும்பாவும்:

பவானிப் பக்கத்துக்காரன், ஜமக்காளத்துக்காக மட்டும் எட்டிப் பார்த்தேன். திவானுக்கு முன்னாடி தரையில விரிக்க அதை விட நல்லது கிடையாது. பருத்தி நூல், கோடு கோடா இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. புரட்டிப் பாருங்க, பின்பக்கம் மங்கலாவோ நூல் தொங்கலாவோ இருந்தா அது வேற சரக்கு. பச்சை, கருஞ்சிவப்பு மாதிரி அடர்ந்த நிறம் எடுத்தா அந்த வெளிர்த் தரை அடங்கித் தெரியும். முதல் அலசல்ல சாயம் இறங்கும், தனியா அலசி நிழல்ல காயப் போடுங்க.

முக்கியமா, பளபள டைல்ஸ் மேல ஜமக்காளம் வழுக்கும். வீட்டுல முட்டி வலிக்காரங்க இருக்காங்கன்னு சொன்னீங்க. அடியில ரப்பர் வலை விரிச்சுட்டுப் போடுங்க, அத்தை நடக்கிற வழியில ஓரம் வராம பார்த்துக்குங்க. தலையணை உறை, திவான் விரிப்புக்குத் துணி வேணும்னா எழும்பூர் பாந்தியன் ரோட்டுல மீட்டர் கணக்குல கிடைக்கும். சாயம் போகாத வெளிர் நிறமா எடுங்க.

பொருநை:

எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வர்றார். மேஜை விளக்குப் பாயின்ட் தரையிலருந்து எவ்வளவு உயரம் அக்கா?

அகல்:

மேஜை உயரம் 30 அங்குலம்னா பாயின்ட் 36-ல வரட்டும். தையல் மெஷினை அந்த இடத்துல வச்சு, அத்தையை உக்கார வச்சு, அவங்க கை எங்க எட்டுதுன்னு பார்த்துட்டு அப்புறம் சுவர்ல குறி போடச் சொல்லுங்க.